நூற்று ஐம்பத்து மூன்று வாட்

"நீங்க வித்த ஹீட்டர் சூடே தரல"
என்று ராத்திரி எட்டு மணிக்குப் போன்.
கவுஞ்சியில் அந்நேரம் பனி
வாசல்படி ஏறியிருக்கும்.
வளர்மதிக்குப் பிள்ளை பிறந்து இருபத்தொரு நாள்,
இன்னும் பேர் வைக்கவில்லை.

பூம்பாறையில் கடையை இழுத்துச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.
மன்னவனூர் வளைவில் ஒரு காட்டுமாடு
வழிவிட யோசித்தது. நானும் யோசித்தேன்:
ஆயிரம் வாட் என்று அட்டையில் போட்டிருக்கிறது,
அட்டை பொய்யென்றால் நானும் பொய்.

சுருள் மங்கலாகச் சிவந்திருந்தது,
தூக்கம் கெட்ட கண் மாதிரி.
"பாருங்க" என்றாள். பார்த்தேன்.
பார்த்தால் போதாது என்பதால்தானே மீட்டர்.

பிளக்கில் வைத்தால் நூற்று எண்பத்து நான்கு வோல்ட்.
இடுக்கி மீட்டரின் வாய்க்குள் ஒற்றை வயரை விட்டால்
மூன்று புள்ளி நான்கு எட்டு ஆம்பியர்.
ரசீதின் முதுகில் வகுத்தேன்:
ஐம்பத்து மூன்று ஓம், சொச்சம் குறைய.
பெட்டி பிரித்த அன்றும் அதுதான்.
சுருள் யாருக்காகவும்
தன் தடையை மாற்றிக்கொள்ளவில்லை.
பெருக்கினால், அறுநூற்று நாற்பது வாட்.
வோல்ட் ஐந்தில் ஒன்று குறைந்ததற்கு
சூட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் போய்விட்டது.
தள்ளுகிறவன் தளர்ந்தால்
போகிறவனும் குறைந்துவிடுகிறான், இரட்டை நஷ்டம்.

"ஊருக்கே கரண்டு கம்மிம்மா,
லைனோட வாலுல இருக்கீங்க,
மின்வாரியத்துல எழுதிக் குடுங்க"
என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.
பாதி சொல்லியும்விட்டேன்.
கை என்னவோ ஹீட்டரை அணைத்துவிட்டு
மறுபடி அளந்தது.

இருநூற்று இருபத்தெட்டு.

ஊருக்குக் கம்மியில்லை.
ஹீட்டர் இழுக்கும்போது மட்டும்
நாற்பத்து நான்கு வோல்ட்
பாதி வழியில் எங்கோ இறங்கிக்கொள்கிறது.
அதை அதே ஆம்பியரால் வகுத்தேன்,
பன்னிரண்டரை ஓமுக்குக் கொஞ்சம் மேல்.
பெருக்கினேன்,
நூற்று ஐம்பத்து மூன்று வாட்.

யாரும் காசு கொடுத்து வாங்காத ஹீட்டர் ஒன்று
இந்த வீட்டுக்குள் இருக்கிறது.
நூறுவாட் பல்பு ஒன்றரை,
வெளிச்சமில்லாமல், ஏதோ பலகைக்குப் பின்னால்.

மெயினை இறக்கச் சொல்லிவிட்டுப் பரண் ஏறினேன்.
மூங்கில் கழிகளில் கொத்துக் கொத்தாக மலைப்பூண்டு.
டார்ச் தேவைப்படவில்லை, மூக்கு போதும்.
அத்தனை பூண்டு நெடிக்கு நடுவே
ஓரிடத்தில் மட்டும் வறுத்த பூண்டு மணந்தது.
கடைசி உத்தரத்தருகே ஒரே ஒரு கொத்து,
பொன்னிறமாக, சட்டியில் புரட்டி எடுத்தாற்போல.
அதன் பின்னால் பலகை கரி.
கரிக்கு நடுவில் ஒரு முறுக்கு,
அலுமினியமும் செம்பும் ஒட்டாத சம்பந்தமாய்,
மேலே சிவப்பு டேப் மூன்று சுற்று,
முனை மடித்து உள்ளே செருகியது.

முனையை அப்படி மடிக்கிற ஆள்
இந்த மலையில் ஒருத்தன்தான்.
நாலு வருஷம் முந்தி இவள் கல்யாணத்துக்கு
சீரியல் பல்பு கட்ட வந்தவன்.
"தற்காலிகந்தான், அடுத்த வாரம் சரி பண்றேன்"
என்றவன்.

கீழிருந்து கேட்டாள்: "எலியாண்ணே?"

"இல்ல" என்றேன்.
அந்த இருட்டில் அதற்குமேல்
வார்த்தை எட்டவில்லை.

வெட்டி, சுரண்டி, கனெக்டர் போட்டு இறங்கினேன்.
இருநூற்று இருபத்தாறு. நான்கே கால் ஆம்பியர்.
சுருள் சிவந்தது, இந்த முறை நிஜமாக.
பிள்ளை போர்வையை உதைத்துத் தள்ளியது.

"எவ்வளவுண்ணே?"

"நான் போட்ட முறுக்குதாம்மா அது."

பரணைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.
என் கையில் மறந்து கொண்டுவந்திருந்த
வறுபட்ட கொத்தை வாங்கி
ஒரு பல் உரித்து வாயில் போட்டாள்.
பிள்ளை பெற்றவள், பூண்டு தின்கிற மாதம்.
மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்:
"இப்படி எத்தன வீட்ல?"

திரும்புகையில் காட்டுமாடு இல்லை.
வளைவுக்கு வளைவு நிறுத்தி
ஹெட்லைட் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்,
கல்யாண வீடு, காதுகுத்து வீடு,
கிளாவரையில் ஒரு சாவு வீடு.

ரசீதின் முதுகில் இடம் போதவில்லை.